பாட்ட மனப்பாடம் பண்றதும் உணர்ந்து பாடறதும் ரெண்டு தனித்தனி வேலை இல்ல

பாட்டு க்ளாஸ் போற பசங்க, ரிட்டையர் ஆனப்புறம் ஆசைப்பட்டு சேர்ந்தவங்க, யாரைக் கேட்டாலும் ஒரே ப்ளான்தான் சொல்வாங்க. மொதல்ல வரி, சங்கதி (ஒரே வரிய மாத்தி மாத்தி பாடறது), தாளம் எல்லாத்தையும் கெட்டியா மனப்பாடம் பண்ணிடுவோம், பாவம் எக்ஸ்ப்ரெஷன் எல்லாம் அப்புறம் மேல சேர்த்துக்கலாம். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்த வரிசையில போனவங்க பாடறத கேட்டீங்கன்னா சுருதி சுத்தமா இருக்கும், தாளம் நிக்கும், வரி தப்பாது, இருந்தாலும் திருக்குறள் போட்டியில ஒப்பிக்கற மாதிரியே இருக்கும். இன்னொரு கூத்து என்னன்னா அப்படி ஒப்பிக்கறவங்களுக்குத்தான் மேடையில மறதியும் ஜாஸ்தி வரும்.

ஏன் அப்படின்னு பார்க்கத்தான் இந்த கட்டுரை. கர்நாடக சங்கீதத்த வச்சுதான் பேசப்போறேன், நடுவுல கொஞ்சம் வெஸ்டர்ன் பியானோவும் வரும். ராகம், கிருதின்னா என்னன்னு மேலோட்டமா தெரிஞ்சா போதும், மீதிய போற போக்குல சொல்லிடறேன்.

மொதல்ல மனப்பாடம்னா என்னன்னு பார்ப்போம். ஒரு பாட்டு மனசுல இருக்குன்னு சொல்றோமே, அது ஒரே இடத்துல ஒரே மாதிரி இருக்கறது இல்ல. காதுக்கு ஒரு ஞாபகம் இருக்கு, அடுத்த சுரம் எப்படி கேக்கணும்னு அதுக்கு தெரியும். தொண்டைக்கு ஒரு ஞாபகம், வீணையோ கீபோர்டோ வாசிச்சா விரலுக்கு ஒரு ஞாபகம். கண்ணுக்கு ஒரு ஞாபகம், நோட்டுல வலது பக்கம் கீழ, டீ கறை பட்ட எடத்துக்குப் பக்கத்துல சரணம் ஆரம்பிக்கும்னு. கடைசியா புத்தியில இருக்கற ஞாபகம், இந்தப் பாட்டு எப்படி கட்டியிருக்கு, இந்த வரிக்கு என்ன அர்த்தம், ஏன் இதுக்கப்புறம் அது வருதுங்கறது.

இதுல தொண்டை, விரல் ஞாபகம்தான் சீக்கிரமா வரும். நூறு தடவ பாடினா தானா வந்துடும், நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். சிக்கலும் அங்கதான். ஏடிஎம் பின் நம்பர் விரலுக்கு தெரியும், ஆனா யாராவது வாயால சொல்லச் சொன்னா ஒரு நிமிஷம் முழிப்போம் இல்லையா, அதே கதை. முன்னாடி இருக்கற சுரம்தான் அடுத்த சுரத்த இழுத்துட்டு வருது, நடுவுல ஒண்ணு அறுந்தா மொத்தமும் அறுந்துரும். முன்வரிசையில ஒருத்தர் எழுந்து போனாலோ, மைக் கொஞ்சம் கீச்சிட்டாலோ, "ஐயோ அடுத்தது என்ன"ன்னு ஒரு எண்ணம் வந்தாலோ போச்சு. பாட்டோட தலையிலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சாத்தான் வரும். வீட்டுல அது பரவாயில்ல, சபையில அது முடியாது.

மறதி எங்கேயும் திடீர்னு வந்துடறது இல்ல, பெரும்பாலும் ரெண்டு வழி பிரியற எடத்துலதான் வரும். கிருதின்னா பல்லவி, அனுபல்லவி, சரணம்னு மூணு பகுதி இருக்கும்ல. தியாகராஜரோட நிறைய கிருதிகள்ல சரணத்தோட பின்பாதி மெட்டு அனுபல்லவி மெட்டேதான். கத்துக்கும்போது அப்பாடா பாதி வேலை மிச்சம்னு தோணும். மேடையில அதுதான் காலை வாரும், மெட்டு ஒண்ணா இருக்கறதால வாய் பாட்டுக்கு அனுபல்லவி வார்த்தைக்கு போயிடும். வெஸ்டர்ன்லயும் இதே பள்ளம் உண்டு. சொனாட்டா அமைப்புல ஆரம்பத்துல வந்த தீம் கடைசியில திரும்ப வரும், ஆனா மொத தடவ வேற ஸ்கேலுக்கு தாவும், ரெண்டாவது தடவ தாவாம சொந்த ஸ்கேலுலயே நிக்கணும். விரல்ல மட்டும் ஞாபகம் வச்சிருக்கறவர் பழக்கத்துல தாவிடுவார், தாவினா பாட்டு முடியாது, மறுபடியும் நடுப்பகுதிக்கே போய் நிப்பார்.

இப்ப ஒரு பாட்ட எடுத்து பக்கத்துல வச்சு பார்ப்போம். தியாகராஜரோட (1767–1847) "நிதி சால சுகமா". கல்யாணி ராகம், மிஸ்ர சாபு தாளம், அதாவது தகிட தகதிமின்னு ஏழு எண்ணிக்கை. தஞ்சாவூர் ராஜா சரபோஜி அரண்மனைக்கு கூப்பிட்டப்ப போக மாட்டேன்னு மறுத்து பாடினதா வழிவழியா ஒரு கதை சொல்வாங்க, அந்தக் கதை நடந்துச்சோ இல்லையோ பாட்டுக்கு பொருத்தமாத்தான் இருக்கு.

பல்லவி இது: "நிதி சால சுகமா, ராமுனி சந்நிதி சேவ சுகமா, நிஜமுக பல்கு மனஸா". காசு பணம் ரொம்ப சுகமா, ராமன் சந்நிதியில சேவை பண்றது சுகமா, மனசே நிஜத்த சொல்லு. அனுபல்லவியில "ததி நவநீத க்ஷீரமுலு ருசோ, தாசரதி த்யான பஜன ஸுதாரஸமு ருசோ", தயிர் வெண்ணெய் பால் ருசியா, ராமனை நெனச்சு பாடற அமுதம் ருசியா. சரணம் நாலு வரி: "தம சமமனு கங்கா ஸ்நானமு சுகமா, கர்தம துர்விஷய கூப ஸ்நானமு சுகமா, மமதா பந்தன யுத நரஸ்துதி சுகமா, சுமதி த்யாகராஜ நுதுனி கீர்த்தன சுகமா". புலனடக்கம், மன அமைதிங்கற கங்கையில குளிக்கறது சுகமா, கெட்ட ஆசைங்கற சேத்துக் கிணத்துல குளிக்கறது சுகமா, பந்த பாசத்துல சிக்கின மனுஷனை புகழ்றது சுகமா, தியாகராஜன் வணங்கற அந்த சாமிய பாடற கீர்த்தனை சுகமா.

அர்த்தம் தெரியாம இதை மனப்பாடம் பண்றவங்களுக்கு இது ஒரு கொடுமையான பாட்டு, ஏன்னா "சுகமா" ஆறு தடவ வருது, "ருசோ" ரெண்டு தடவ வருது, எல்லாம் வரி முடியற எடத்துல வருது. எந்த சுகமாவுக்கு அப்புறம் எந்த வரின்னு வெறும் சத்தத்த வச்சு ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம். அர்த்தம் தெரிஞ்சவங்களுக்கு இந்த எட்டும் நாலு ஜோடி கேள்வி, இதுவா அதுவா, இதுவா அதுவா. அவ்வளவுதான் பாட்டு. இன்னும் கொஞ்சம் உத்துப் பாருங்க. பல்லவியில மொதல்ல சாதாரண விஷயம் (காசு), அப்புறம் ஒசந்த விஷயம் (சந்நிதி). அனுபல்லவியிலயும் மொதல்ல தயிர் பால், அப்புறம் தியானம். சரணத்துல வரும்போது மொத ஜோடி திரும்பிடுது! மொதல்ல கங்கை, அப்புறம் சேத்துக் கிணறு. அதுக்கடுத்த ஜோடியில பழையபடி மொதல்ல நரஸ்துதி, அப்புறம் கீர்த்தனை. ஆக அந்த ஒரே ஒரு எடத்துலதான் வரிசை மாறுது, அங்கதான் வாய் தடுமாறும். இதை ஒரு தடவ கவனிச்சிட்டீங்கன்னா அப்புறம் மறக்கறது கஷ்டம், ஆசைப்பட்டாலும் மறக்காது.

தமிழ்ப் பாட்டு படிச்ச நமக்கு எதுகை ஒண்ணும் புதுசு இல்ல, அதையும் பிடிச்சுக்கலாம். நிதி, ததி, ரெண்டாம் எழுத்து ஒண்ணு. சரணத்துல தம, கர்தம, மமதா, சுமதி, நாலு வரி ஆரம்பத்துலயும் அந்த "ம" நிக்குது. பாட்டு எழுதினவங்க இதை அழகுக்காக மட்டும் வைக்கல, நோட்டு பேனா இல்லாம வாய்வழியா போற பாட்டுக்கு இதுதான் காப்பு. பாட்டுல கடைசியில வர்ற முத்திரையும், அதாவது எழுதினவரோட கையெழுத்து மாதிரி வர்ற சொல்லும் (இவருக்கு தியாகராஜ, முத்துசாமி தீட்சிதருக்கு குருகுஹ) இதே மாதிரி ஒரு பிடி, அது வந்துட்டா முடியப்போகுதுன்னு அர்த்தம்.

இப்ப எக்ஸ்ப்ரெஷனுக்கு வாங்க. மேல சொன்னதெல்லாம் ஞாபகத்துக்கான டிப்ஸ் மாதிரிதான தெரிஞ்சுது? ஆனா அந்த எட்டும் கேள்விங்கறத உணர்ந்து பாடினா பாட்டே மாறிடுது. கேள்வின்னா கேள்வி மாதிரி பாடணும். "சுகமா"ல அந்த "மா"வ சட்டுன்னு மூடி வச்சா அது ஒரு செய்தி, கொஞ்சம் தொங்க விட்டு, பதில் வரட்டும்னு ஒரு நூல் அளவு இடம் விட்டா அது கேள்வி. "நிஜமுக பல்கு மனஸா"ங்கறது கேள்வி இல்ல, அது அதட்டல், இல்லைன்னா கெஞ்சல், எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் கெஞ்சல் கட்சி. காசைப் பத்தி கேக்கற சுகமாவும் கீர்த்தனையப் பத்தி கேக்கற சுகமாவும் ஒரே கனத்துல வரக்கூடாது, மொதலாவதுல லேசா ஒரு கிண்டல் கூட இருக்கலாம். இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகம் குடுத்துட்டா ஆறு சுகமாவும் ஆறு வேற ஆளா ஆயிடுது, அப்புறம் ஒண்ணோட ஒண்ணு குழப்பிக்க வழியே இல்ல. உணர்ந்து பாடறதுக்காக பண்ண வேலையே ஞாபகத்துக்கான வேலையாவும் ஆயிடுச்சு, இந்த கட்டுரையில நான் சொல்ல வர்றது இது ஒண்ணுதான்.

இது என் சொந்த சரக்கு மட்டும் இல்ல. ரோஜர் சாஃபின்னு அமெரிக்காவுல ஒரு சைக்காலஜிஸ்ட், கேப்ரியேலா இம்ரேங்கற பியானோ கலைஞரோட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்ணினார். பாக்ங்கற (Bach) ஜெர்மன் இசைமேதையோட "இத்தாலியன் கான்செர்ட்டோ"ங்கற படைப்புல மூணாவது பகுதிய அவங்க புதுசா கத்துக்கும்போது ப்ராக்டீஸ் முழுக்க ரெக்கார்ட் பண்ணி வச்சாங்க. வாசிக்கும்போது எதெதுல கவனம் வைக்கறாங்கன்னும் குறிச்சாங்க. விரல் வைக்கற முறை, கஷ்டமான தாவல் மாதிரி விஷயங்கள ஒரு வகையா வச்சாங்க, இந்த எடத்துல என்ன உணர்வு வரணும்ங்கறத இன்னொரு வகையா வச்சாங்க, புதுப் பகுதி ஆரம்பிக்கற எடங்கள தனியா வச்சாங்க. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சு, நடுவுல அதை வாசிக்காம இருந்தவங்கள, ஞாபகத்துலேர்ந்து எழுதச் சொன்னாங்க. பகுதி ஆரம்பிக்கற எடமும் உணர்வுன்னு குறிச்ச எடமும் நல்லா ஞாபகம் இருந்துச்சு, விரல் கணக்குக்காக கவனம் வச்ச எடங்கள்தான் அதிகமா போயிருந்துச்சு. ஒரே ஒரு கலைஞரை வச்சு பண்ணின ஆராய்ச்சிதான், அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம், ஆனா எங்க குரு மாதிரி ஆளுங்க காலங்காலமா சொல்றதோட பொருந்திப் போகுது.

சரி, எக்ஸ்ப்ரெஷன்னா என்ன பண்ணணும்? புதுசா பாடறவங்க இங்க ஒண்ணு தப்பா புரிஞ்சுக்கறாங்க, கண்ண மூடி, புருவத்த சுருக்கி, கைய காத்துல அலைய விட்டா பாவம் வந்துடுச்சுன்னு. அது வந்தா வரட்டும், தடுக்க வேணாம், ஆனா ரேடியோவுல கேக்கறவனுக்கு அது தெரியாது. சத்தத்துல என்ன மாறுதுங்கறதுதான் கேள்வி. வெஸ்டர்ன்ல வேகத்த கொஞ்சம் இழுத்து கொஞ்சம் தளர்த்தி வாசிக்கலாம், நம்ம தாளத்துல அந்த மாதிரி இஷ்டத்துக்கு இழுக்க முடியாது, மிருதங்கக்காரர் விட மாட்டார். நமக்கு இருக்கற ஆயுதம் வேற. கமகம், ஒரே சுரத்த எவ்வளவு அசைக்கறோம், எங்க அசைக்காம விடறோம். கார்வை, எங்க நிக்கறோம். அப்புறம் குரல் கனம், எந்த எழுத்துல அழுத்தறோம் எதை மெலிசா விடறோம். கடைசியா மூச்சு.

மூச்ச தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம ஊர்ல தெலுங்கும் சமஸ்கிருதமும் தெரியாம பாடற ஆளுங்கதான் பெரும்பான்மை, நானும் அந்த கட்சிதான். "மமதா பந்தன யுத நரஸ்துதி"ல "பந்தனயு"ன்னு பாடி மூச்சு வாங்கி "தநரஸ்துதி"ன்னு தொடர்ந்தா தெலுங்கு தெரிஞ்சவங்க சபையில நெளிவாங்க. தமிழ்லயே யோசிங்களேன், கோபாலகிருஷ்ண பாரதியோட "வருகலாமோ ஐயா"வ மாஞ்சி ராகத்துல பாடும்போது "வருக" சொல்லி நிறுத்தி "லாமோ"ன்னு எடுத்தா, உள்ள வர அனுமதி கேட்டு வெளிய நிக்கற நந்தனார் ஏதோ வரவேற்பு குழுவுல இருக்கற மாதிரி ஆயிடும். அந்த "மோ"ல இருக்கற தயக்கம்தான் பாட்டே, அதை முழுங்கிட்டு மாஞ்சி எவ்வளவு சுத்தமா பாடினாலும் பிரயோஜனம் இல்ல. அதனால மூச்சு எங்கன்னு மொத நாளே பென்சில்ல குறிச்சுக்கோங்க. தப்பான எடத்துல மூச்சு வாங்கி நூறு தடவ பாடினப்புறம் அதை மாத்தறது பெரிய பாடு.

வாத்தியம் வாசிக்கறவங்களுக்கு வார்த்தையே இல்லையே, அவங்க என்ன பண்ணுவாங்கன்னா, அவங்களும் சாகித்யத்த (பாட்டோட வார்த்தைய) தெரிஞ்சுக்கிட்டுத்தான் வாசிக்கறாங்க. வீணையில மீட்டு விழற எடம் சாகித்யத்தோட எழுத்து விழற எடம், "நி-தி-சா-ல"ன்னு அந்த எழுத்துக்கு மீட்டு, நடுவுல இருக்கற அசைவெல்லாம் கம்பிய இழுத்து. வார்த்தை தெரியாதவர் கண்ட எடத்துல மீட்டுவார், கேக்கறவங்களுக்கு பாட்டு தெரிஞ்சிருந்தா உடனே உறுத்தும்.

சங்கதி விஷயத்துக்கு வருவோம். ஒரே வரிய கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி பாடறதுதான் சங்கதி. மொத சங்கதி வெறும் எலும்பு மாதிரி எளிமையா இருக்கும், போகப் போக வளரும். க்ளாஸ்ல நாம இதை நம்பர் போட்டு மனப்பாடம் பண்றோம், ஒண்ணு ரெண்டு மூணு நாலு, அப்புறம் மேடையில மூணாவது பாடினோமா இல்லையான்னு ஒரு சந்தேகம், அந்த சந்தேகத்துலயே நாலாவது காலி. நம்பர விடுங்க. ஒவ்வொரு சங்கதியும் முந்தினதுலேர்ந்து எங்க பிரியுதுன்னு பாருங்க, கடைசி நுனி மட்டும் மாறுதா, நடுவுலயே மேல ஏறுதா, மேல் சட்ஜத்தை தொடுதான்னு. "நிதி சால சுகமா"ன்னு மனசை ஒரு தடவ கேட்டாச்சு, பதில் இல்ல, இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேக்கறோம், அப்பவும் பதில் இல்ல, இப்ப விட மாட்டேன்னு கேக்கறோம். வரிசை தானா நிக்கும். எல்லா சங்கதியையும் ஒரே பலத்துல பாடறவங்களுக்குத்தான் வரிசை மறக்குது.

வீட்டுல எப்படி ப்ராக்டீஸ் பண்ணலாம்னு கேட்டா எனக்கு பலன் குடுத்தது சிலது சொல்றேன். மொதல்ல வரிய பாடாம பேசுங்க, நாடக வசனம் மாதிரி, வீட்டுல இருக்கறவங்க ஒரு மாதிரி பார்த்தாலும் பரவாயில்ல. பேசும்போது எந்த வார்த்தையில தானா அழுத்தம் விழுதோ அதுதான் பாடும்போதும் உங்களுக்கு பிடி. அப்புறம் வாய மூடிக்கிட்டு கையில தாளம் மட்டும் போட்டு பாட்ட மனசுக்குள்ள ஓட்டுங்க. இது கேக்க சுலபமா இருக்கும், பண்ணிப் பாருங்க, தொண்டை இழுத்துட்டு போற எடமெல்லாம் இங்க வெட்ட வெளிச்சமாயிடும், ஏன்னா தொண்டைக்கு இப்ப வேலையே இல்ல. எங்க மனசுக்குள்ள மங்கலா ஆகுதோ அங்கதான் மேடையில மறக்கும், அந்த எடத்த மட்டும் எடுத்து வேலை பாருங்க.

பாட்ட எப்பவும் பல்லவியிலேர்ந்தே ஆரம்பிக்காதீங்க, இது ரொம்ப முக்கியம், பெரும்பாலானவங்க பண்றதே இல்ல. தெனமும் தலையிலேர்ந்து ஆரம்பிச்சா பல்லவி ஆயிரம் தடவ பாடியிருப்போம், சரணத்துல நாலாவது வரி அதுல பாதி கூட வந்திருக்காது, நடுவுல தப்பு வந்தா மறுபடி தலைக்கு போறதால. அதனால கடைசி வரிய மட்டும் பாடுங்க, அப்புறம் கடைசி ரெண்டு வரி, இப்படி பின்னாடிலேர்ந்து கட்டிக்கிட்டு வாங்க. வேற யாரையாவது "கர்தம"ன்னு சொல்லச் சொல்லி அங்கேர்ந்து எடுங்க. எங்கேர்ந்து கேட்டாலும் எடுக்க முடிஞ்சாத்தான் பாட்டு உங்களோடது.

ரெக்கார்டிங் கேக்கறத பத்தியும் ஒரு வார்த்தை. யூடியூப்ல ஒரு பெரிய வித்வான் பாடினத தேடி அம்பது தடவ கேட்டு அப்படியே பாடறது இப்ப ரொம்ப சாதாரணம் ஆயிடுச்சு. அதுல வர்ற எக்ஸ்ப்ரெஷன் அவரோடது, நீங்க அதையும் சேர்த்து மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. அவர் இருமின எடத்துல நீங்களும் நிறுத்துவீங்க (சிரிக்காதீங்க, நடக்குது). ஒரே பாட்ட நாலு பாடாந்தரத்துல (ஒவ்வொரு குரு வழியிலயும் வர்ற பாணியில) கேளுங்க, அப்புறம் கொஞ்ச நாள் எதையும் கேக்காதீங்க, உங்க குரு சொல்லிக் குடுத்ததுக்கு திரும்பி வாங்க.

கடைசியா மறந்தே போச்சுன்னா? எல்லாருக்கும் நடக்கும். நம்ம சங்கீதத்துல ஒரு பெரிய வசதி, பல்லவிக்கு எப்ப வேணும்னாலும் திரும்பலாம், யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. பாடின சங்கதியவே இன்னொரு தடவ பாடலாம், அதுக்குள்ள அடுத்தது வந்துடும், பக்கத்துல வயலின்காரர் இருந்தா அவர் மெட்ட எடுத்துக் குடுப்பார். தாளம் போடற கை மட்டும் நிக்கவே கூடாது, கை ஓடிக்கிட்டே இருந்தா வாய் வந்து சேர்ந்துக்கும், கை நின்னா சபைக்கே தெரிஞ்சிடும்.

பியானோ கலைஞர் மரியா ஜோவா பிரஷ் கதை நிறைய பேர் வீடியோவா பார்த்திருப்பீங்க. ஆம்ஸ்டர்டாம்ல ரிக்கார்டோ ஷாயி நடத்தின ஆர்கெஸ்ட்ராவோட, ஜனங்க உக்காந்து கேக்க, மோட்சார்ட் கான்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கறது) ஒண்ணு. ஆர்கெஸ்ட்ரா ஆரம்பிச்சதும்தான் அவங்களுக்கு தெரியுது, தான் தயார் பண்ணிட்டு வந்தது வேற கான்செர்ட்டோ, இவங்க வாசிக்கறது டி மைனர் ஸ்கேல்ல இருக்கற இன்னொண்ணுன்னு. முகத்துல அந்த பயம் அப்படியே தெரியும். ஆனா பியானோ உள்ள வர்றதுக்கு முன்னாடி ஆர்கெஸ்ட்ரா மட்டும் ரெண்டு நிமிஷத்துக்கு மேல வாசிக்கும், அந்த நேரத்துல தன்னை சரி பண்ணிக்கிட்டு சரியா நுழைஞ்சு வாசிச்சுட்டாங்க. முன்னாடி வாசிச்சு பழகின பாட்டுதான், விரல்ல மட்டும் இருந்திருந்தா அந்த பதட்டத்துல வந்திருக்காதுன்னு நான் நெனைக்கறேன்.

பார்க்காம வாசிக்கறதுதான் பெருமைங்கறதே வெஸ்டர்ன்ல ரொம்ப பழைய வழக்கம் இல்ல. 1837ல பெர்லின்ல பியானோ கலைஞர் க்ளாரா வீக் (பின்னாடி க்ளாரா ஷூமன்) பீத்தோவன் சொனாட்டாவ நோட்ஸ் இல்லாம வாசிச்சப்ப இது என்ன அலட்டல்னு முகம் சுளிச்சவங்க இருந்தாங்க. அப்புறம் அதுவே கட்டாயம் மாதிரி ஆச்சு. நம்ம காலத்துக்கு வந்தா ரஷ்ய பியானோ கலைஞர் ஸ்வியடோஸ்லாவ் ரிக்டர் மாதிரி ஒரு மலை கடைசி வருஷங்கள்ல ஹால் முழுக்க இருட்டாக்கி, ஒரு சின்ன விளக்குல நோட்ஸ வச்சு வாசிச்சார். யாரும் அவரை கொறச்சு பேசல.

நம்ம மேடையில இப்ப ஐபேட் வச்சு பாடறது ஒரு சண்டையாவே ஓடுது. என் கருத்து கேட்டா, அபூர்வமான பாட்டுக்கு, நீளமான விருத்தத்துக்கு, புதுசா எடுத்த திருப்புகழுக்கு வச்சுக்கறதுல தப்பில்ல, வயசானவங்க வச்சுக்கட்டும். பிரச்சினை எழுத்த பார்க்கறதுல இல்ல, கண்ணு அங்கேயே ஒட்டிக்கறதுல இருக்கு, அப்ப பாடறவர் அடுத்த வார்த்தைய படிச்சுக்கிட்டு இருக்கார், பாடிக்கிட்டு இருக்கற வார்த்தையில அவர் இல்ல. நூறு தடவ பாடின "நிதி சால"வுக்கும் வச்சுக்கிட்டா ஏதோ சரியில்லன்னுதான் அர்த்தம்.

இதெல்லாம் உள்ள எறங்கிச்சா இல்லையான்னு பார்க்க நம்மகிட்டயே ஒரு பரீட்சை இருக்கு, நிரவல். ஒரு வரிய எடுத்து, வார்த்தைகளோட தாள எடம் மாறாம, மெட்ட மட்டும் நீங்களே புதுசு புதுசா போட்டு பாடறது. "நிதி சால"வுல வழக்கமா "மமதா பந்தன யுத நரஸ்துதி சுகமா" வரிய எடுப்பாங்க. மனப்பாடம் பண்ணின மெட்டு இங்க உதவாது, வார்த்தை எங்க விழுதுங்கறதும் அதோட அர்த்தமும் மட்டும்தான் கையில இருக்கும். மேடைக்கெல்லாம் போக வேணாம், வீட்டுல தம்புரா ஆப் போட்டு, கல்யாணியில உங்களுக்கு தெரிஞ்ச நாலு பிடிய வச்சுக்கிட்டு, மனுஷனை புகழ்றது ஒரு சுகமான்னு நாலு விதமா கேட்டுப் பாருங்க. நாலாவது தடவைக்கு வார்த்தை எடம் மாறிடுச்சுன்னா மிஸ்ர சாபுவ கையில போட்டு வரிய மட்டும் மறுபடி பேசிட்டு, திரும்ப எடுங்க.